ஒற்றைப் பனைக்கு நேராகச் சேர்ந்த கோடுகள்

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. முப்பத்தொரு வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்த புருஷோத்தமன் கதை கட்டுகிறான் என்று மரக்காணத்தில் ஒருவரும் சொல்ல முடியாது. நடந்தது 2005 மே 11, புதன்கிழமை. பட்டப்பகல்.

உப்பளச் சங்கத்தின் புது அலுவலகத்தில் மாட்டுவதற்கு, அந்தக் காலத்து டிராலி தண்டவாளத்தை வரைந்து தரக் கேட்டார்கள். உப்பு மூட்டை தள்ளிப் போன அந்த லைனுக்கு மேஸ்திரி என் அப்பா சடையப்பன். படத்துக்குக் கீழே அவர் பெயர் வேண்டும் என்றேன். செயலாளர் பலராமன் சிரித்தார்.

"ஓடிப்போனவரு பேரையா சார்? சரி, படத்துல ஒரு கோணல் இல்லன்னா போடறேன்."

1951 நவம்பர் மழையில் லைனைப் பார்க்கப் போன அப்பா திரும்பவில்லை. உப்பு வாரும் பெண் ஒருத்தியும் அன்றே ஊரைவிட்டுப் போயிருந்தாள். ஊர் முடிச்சுப் போட்டது. "ஓடினவன தேடிப் போனா இருக்கிற மானமும் போயிடும்" என்று தாத்தா கதவைச் சாத்தினார். எனக்குப் பதினோரு வயது. அப்பா ஓடவில்லை என்றும் சொல்லி வந்தேன். தாத்தா செய்தது சரி என்றும் சொல்லி வந்தேன்.

காலை 11.40. பாத்தி வரப்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். எதிரே இருபது அடி தண்டவாளம்தான் மிச்சம். அதற்கு அப்பால் அந்த மழையிலேயே சேற்றில் புதைந்துவிட்டது. மீதியை நான் நீட்டி வரைய வேண்டும். இரண்டு கோடும் அடிவானத்தில் ஒரு புள்ளியில் சேரும். ஆறாம் வகுப்புப் பாடம்.

சேர்ந்தன. ஆனால் அடிவானத்தில் இல்லை. பாதி வழியில், ஒற்றைப் பனைக்கு நேராக.

அழித்தேன். ஸ்கேல் வைத்து மறுபடி போட்டேன். 11.55. அதே இடம்.

எரிச்சலாக இருந்தது. ஸ்கேலைப் பார்த்தேன். நேராக இருந்தது. இந்தக் கை ஒரு கோடு தவறியதில்லை. பலராமனின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. புதுத் தாள் எடுத்தேன்.

டக்...

தூரத்தில். இரும்பில் இரும்பு.

டக்... டக்...

உப்பளத்தில் ஆள் இல்லை.

12.10. மூன்றாவது தாள். கோடுகள் பனைக்கு நேராகவே சேர்ந்தன. சேர்ந்த இடத்தில் ஒரு கரும்புள்ளி. நான் வைக்கவில்லை. அழித்தேன். போகவில்லை. அழுத்தித் தேய்த்தேன். தாள் கிழிந்தது.

டக்... டக்... டக்...

நான்காவது தாள். 12.20.

தாளின் மேல் ஒரு நிழல்.

என்னுடையது இல்லை.

"நேராத்தான்டா இருக்குது... அழிக்காத."

என்னை 'டா' போட ஆள் இல்லாமல் நாற்பது வருஷம் ஆகிறது.

திரும்பினேன்.

வெள்ளை உப்பு.

வேறு எதுவும் இல்லை...

படத்தைத் தரவில்லை. வரவில்லை என்று சொல்லி அனுப்பினேன். அந்த அவமானத்தையும் விழுங்கினேன்.

ஜூன் 20. சுனாமி கொண்டுவந்த மண்ணை ஜேசிபி வைத்து வாரினார்கள். ஒற்றைப் பனைக்கு நேராகக் கவிழ்ந்த டிராலி ஒன்று கிடைத்தது. அதன் கீழ் எலும்புகள். இடுப்பில் அப்பாவின் வெள்ளி அரைஞாண். கைப்பக்கம் ஒரு சுத்தியல்.

பலராமன் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"உடனே சாவல சார். காலுதான் மாட்டியிருக்குது. கை எட்டற தண்டவாளத்துல பூரா அடிச்ச தழும்பு. நூறு வரைக்கும் எண்ணினேன். மேல முடியல. ரெண்டு மூணு நாளாவது அடிச்சிருப்பாரு."



அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டுக் கதவு திறக்கவில்லை.