பரீதாக்காவும் திருட்டு வெளிச்சமும்

போன வாரம் சோதனைக்கூடத்தில் கருவி சூடாகட்டும் என்று காத்திருந்தபோது பரீதாக்காவின் தம்பி போன் செய்தார். "அக்கா விடியக்கால பஜ்ர் தொழுகைக்கு எழுந்திரிக்கல. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு முன்னால எடுத்துடுவோம், வந்துடுங்க." விளக்கைக்கூட அணைக்காமல் ஓடினேன். முகம் பார்க்கக் கிடைத்தது. பழகிய இத்தனை வருடங்களில் அவர் அசையாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பரீதா பேகம் ரசாயனம் படித்தவர். 1989இல் திருவண்ணாமலையில் தண்ணீரும் மண்ணும் சோதிக்கும் சின்னக் கூடம் ஒன்று திறந்தபோது அவரும் நானும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஜவுளிக் கடை. இவருக்கு நாற்காலியிலேயே உட்காரப் பொறுமை கிடையாது, கடையில் எங்கே உட்காருவது? டீயைக்கூட நடந்துகொண்டே குடிப்பார். "ஒரு இடத்துல நில்லுங்கக்கா, எனக்குத் தல சுத்துது" என்றால், "நீ கண்ண மூடிக்கமா" என்பார்.

சில வருடங்கள் கழித்து, அடி அண்ணாமலையிலிருந்து செல்வி என்ற இளம் பெண் ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார். கைக்குழந்தைக்கு அதில்தான் பால் பவுடர் கலக்கிறார். குழந்தையின் உதடு அடிக்கடி நீலம் பாரிக்கிறது, தண்ணீரைச் சோதியுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வயலுக்குப் போடும் உரம் கிணற்றில் இறங்கி நைட்ரேட்டாகச் சேர்ந்தால் பச்சைக் குழந்தைகளுக்கு அப்படி ஆகும். பரீதாக்கா கருவியில் வைத்துப் பார்த்தார். அளவு வரம்புக்குள்தான் இருந்தது. "குடிக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டார். செல்வி நிம்மதியாகப் போனார்.

அந்தக் கருவி ஒளியைப் பிரித்து, தேவையான ஒரு நிறத்தை மட்டும் தண்ணீருக்குள் அனுப்பும். எவ்வளவு ஒளி குறைகிறதோ அவ்வளவு நைட்ரேட் உப்பு என்று கணக்கு. மழைக்காலம் முடிந்த சமயம், கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த பாட்டில் வழியெல்லாம் ஒழுகிப் பாதிதான் மிச்சமிருந்தது. பரீதாக்கா காய்ச்சி வடித்த நீரைச் சரிபாதி சேர்த்து அளந்து, வந்த விடையை இரண்டால் பெருக்கினார். அதே கிணற்றுத் தண்ணீரை முன்பு நேராக அளந்தபோது வந்ததைவிட ரொம்ப ஜாஸ்தி!

"இன்னாமா இது? தண்ணி ஊத்துனா உப்பு ஏறுமா?"

அன்று அவர் டீயே குடிக்கவில்லை. அந்த ஒளியைத் துளியும் உள்ளே விடாத அயோடைடு கரைசலைக் கருவியில் வைத்தார். எதுவும் தெரியக் கூடாது. ஆனால் வெளிச்சம் தெரிந்தது. விளக்கு கிழடாகி, கண்ணாடியில் தூசி படிந்து, வேண்டாத நிறங்கள் சிதறி உள்ளே நுழைந்திருக்கின்றன. அதையும் தண்ணீரைத் தாண்டி வந்த ஒளி என்று கருவி கணக்கில் சேர்த்துக்கொண்டது. பாடப் புத்தகத்தில் இதற்குக் கௌரவமான பெயர் உண்டு. பரீதாக்கா வைத்த பெயர் திருட்டு வெளிச்சம்.

"பாத்தியா, உப்பு கொஞ்சமா இருந்தா இது ஒழுங்காச் சொல்லுது. ஜாஸ்தியா இருக்கறப்பதான் கம்மின்னு சொல்லுது. நல்ல கிணத்துக்கு ஒண்ணும் ஆகல. கெட்ட கிணத்தத்தான் நாம நல்லதுன்னு எழுதிக் குடுத்துருக்கோம்."

சொல்லும்போதே செல்வியின் ஞாபகம் வந்து பழைய அளவுகள் எழுதிய நோட்டைத் தேடி எடுத்தார்.

திருத்துவது பெரிய வித்தையில்லை. திருட்டு வெளிச்சம் எவ்வளவு என்று அயோடைடு காட்டிவிட்டது. அதை ஒவ்வொரு ஒளி அளவிலிருந்தும் கழித்துவிட்டுத் திரும்பக் கணக்குப் போட வேண்டும். போட்டோம். சில கிணறுகள் வரம்பைத் தாண்டின. செல்வியின் கிணறு எல்லாவற்றையும்விட மோசம்.

மேலாளர் பதறினார். "போன ரிப்போர்ட் போனதுதாம்மா. இப்பப் போயி தப்புன்னா நம்மகிட்ட இனிமே எவன் வருவான்?"

"யாரு வருவாங்கன்னு நீங்க பாக்கறீங்க சார். புள்ளைங்க இன்னா குடிக்குதுன்னு நான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அடி அண்ணாமலையில் செல்வியின் வீடு பூட்டியிருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்களாம். குழந்தை எப்படி இருந்தது என்று அக்கம்பக்கத்தில் கேட்டோம். ஒருவர் "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். இன்னொருவர், "வேற ஏதோ குழந்தைய சொல்றாரு அவரு" என்றார். விலாசம் யாரிடமும் இல்லை.

மற்ற கிணற்றுக்காரர்களுக்கெல்லாம் நேரில் போய்ச் சொன்னோம். சிலர் திட்டினார்கள், சிலர் மோர் கொடுத்தார்கள். பிறகு புது விளக்கு வந்தது, பின்னாளில் புதுக் கருவியும் வந்தது. பரீதாக்காவுக்கு மட்டும் அந்தப் பூட்டிய வீடு மனதை விட்டு அகலவில்லை.

எங்கே பிழைக்கப் போனாலும் எங்கள் பக்கத்து ஜனம் பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டார். பௌர்ணமி தவறாமல், சாயங்காலம் கூட்டம் சேரும் நேரத்தில், கிரிவலப் பாதையிலிருக்கும் அடி அண்ணாமலை டீக்கடை ஓரத்தில் தலையில் முக்காட்டோடு போய் நிற்பார். "பாய் வூட்டம்மாவும் கிரிவலம் வராங்கடோய்" என்று கிண்டல் செய்வார்கள். சிரித்துக்கொண்டே, "பெங்களூரு போன செல்வி வந்தாளா?" என்று கேட்பார். போன மாதம் வரைக்கும் கேட்டார். போதும் அக்கா என்று நானே எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். "கருவி சொன்னத அது கணக்குல கழிச்சாச்சுமா. நான் சொன்னத எதுல கழிக்கறது?" என்றார்.

நேற்று பௌர்ணமி. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, போனேன். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அம்மா வரலீங்களா?"

சொன்னேன். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம், "அந்தச் செல்வி இன்னும் வரலீங்க" என்றார், நான் கேட்காமலே.

அக்கா, இந்த மாதமும் வரவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு நான் கேட்கிறேன். நீங்கள் தூங்குங்கள்.