தடைக்கு முந்தின நாள்

அவனை எல்லாரும் டேங்க் என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்தடிக்கும் டேங்கை முதுகில் மாட்டினால் கழற்ற மறந்துவிடுவான். மாட்டியபடியே டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பான். இத்தனை வருடத் தொழிலில் மூக்கு செத்துப்போயிருந்தது, விரல் நுனிகள் மரத்திருந்தன. "நம்மாளு டீயைத் தொட்டுப் பாத்துட்டு சூடே இல்லம்பாரு. நம்பிக் குடிச்சா நாக்கு வெந்துடும்," என்று அவன் மனைவி சிரிப்பாள். அவனும் கூடச் சிரித்து வைப்பான். பெரிய கோபமும் கிடையாது, பெரிய சந்தோஷமும் கிடையாது.

அந்த வட்டாரத்தில் ஒரு சட்டம் உண்டு. பருத்தி மொட்டு விடும் காலம் வந்ததும், பக்கத்து வயல்களில் ஒரு வகைக் களைக்கொல்லியை அடிக்கக் கூடாது. மக்காச்சோளத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது, களை மட்டும் சாகும். ஆனால் காற்றில் கொஞ்சம் மிதந்து போனாலும் பருத்தி தாங்காது. நல்ல சட்டம்தான். நாளை முதல் கூடாது என்றால் இன்றைக்கே அடித்துத் தள்ளிவிடுவார்கள் என்பதைத்தான் சட்டம் போட்ட புண்ணியவான்கள் யோசிக்கவில்லை. வருடா வருடம் தடைக்கு முந்தின நாள் டேங்குக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுப்பார்கள்.

இந்த வருடம் அன்றைக்குக் காற்று வேறு. கடைசியாக மிஞ்சியது ஒரு மக்காச்சோள வயல். அதை ஒட்டியிருந்தது அவன் தங்கையின் பருத்தி. கணவன் போன பிறகு அவள் குத்தகைக்கு எடுத்த நிலம். இந்த விளைச்சல் போனால் நிலமும் கைவிட்டுப் போய்விடும். காற்று அவள் பக்கம் அடிப்பதை டேங்க் பார்த்தான்.

"இன்னைக்கு விட்டா அவ்ளோதான்ப்பா," என்றார் சோளக்காரர். வருடம் முழுக்க வேலை கொடுக்கிற மனிதர். டேங்க் குனிந்த தலை நிமிராமல் அடித்து முடித்தான்.

கொஞ்ச நாளில் பருத்தி இலைகள் சுருங்கி விரல் விரலாக நீண்டன. மொட்டுகள் கொட்டின. தங்கை புகார் கொடுத்தாள். விவசாய அதிகாரி வந்தார். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலுக்குள் இறங்கிப் பார்த்தார். பிறகு வரப்புக்கு வந்து டேங்கிடம் கேட்டார்.

"என்னைக்கு அடிச்சீங்க?"

"தடைக்கு முந்தின நாளுங்க மேடம்."

அதிகாரி கையிலிருந்த இலையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். தங்கையின் முகத்தைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. "அப்போ என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா. தடைக்கு முன்னாடி அடிச்சதுக்கு நஷ்ட ஈடு கிடையாது. இவர் மேலயும் தப்பில்லை."

தப்பில்லை. அதைக் கேட்டதும் நிம்மதி வந்திருக்க வேண்டும், வெட்கமாவது வந்திருக்க வேண்டும். அவனுக்கு இரண்டும் வரவில்லை. நெஞ்சுக்குள் எதுவுமே அசையவில்லை. ஸ்கூட்டர் போன பிறகு, யாரோ பேசுவதைக் கேட்பதுபோலத் தன் குரலையே கேட்டான்.

"காத்து உன் பக்கம்தாம்மா அடிச்சுது. பாத்துட்டுத்தான் அடிச்சேன்."

"தெரியும்ண்ணா." அவள் உதிர்ந்த மொட்டுகளைக் காலால் ஒதுக்கினாள். அழவில்லை, திட்டவுமில்லை. "நான் இதே வரப்புலதான் நின்னுட்டு இருந்தேன். ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். அடிக்கிறது எங்க அண்ணனாச்சே, அவனே நிறுத்திடுவான்னு சும்மா நின்னுட்டேன்."