லேபிளில் வைத்த சந்தனம்

ஃபேஸ்புக்கில் எங்களுக்கு ஒரு குழு இருக்கிறது. யாராவது பழைய கம்ப்யூட்டர் படம் ஒன்றைப் போடுவார்கள். அது எந்தக் காலத்து மெஷின், எத்தனை டிரைவ், கீபோர்டில் எந்த விசை எந்த மூலையில் என்று மற்றவர்கள் மல்லுக்கட்டுவார்கள். பெரும்பாலும் ரிட்டையரான பேங்க்காரர்கள், சர்வீஸ் என்ஜினியர்கள், வெளிநாட்டில் செட்டிலாகி ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாதவர்கள். நான் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸில் என்ட்ரி போடுகிறவள். ஆனால் அந்தக் குழுவில் என் மவுசே தனி. படம் மங்கலாக இருந்தால் "கீபோர்டு அக்காவக் கூப்பிடுங்க" என்பார்கள். முகத்துக்குப் பதில் ஒரு கீபோர்டு படம் வைத்திருக்கிறேன், அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.

பெருமைதான், ஒத்துக்கொள்கிறேன். வீட்டில் யாரும் என்னை எதற்கும் இப்படிக் கூப்பிட்டதில்லை.

புரட்டாசி பிறந்த வாரத்தில் ஒரு படம் வந்தது. பச்சைத் திரை கம்ப்யூட்டர் முன்னால் ரெட்டை ஜடை போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "திருப்பதியில் படித்தபோது நான் எழுதிய முதல் புரோகிராம். இதுதான் என்னை அமெரிக்கா வரை கூட்டி வந்தது. இந்த மெஷின் என்னவென்று யாராவது சொல்ல முடியுமா?" என்று கீழே எழுதியிருந்தது. அரை மணி நேரத்தில் நாற்பது பேர் அடித்துக்கொண்டார்கள். டிரைவின் கைப்பிடி இடப்பக்கம் இருக்கிறது, ஆகவே இது அது இல்லை என்றார் ஒருவர். வழக்கம்போல என்னைக் கூப்பிட்டார்கள். படத்தைப் பெரிதாக்கினேன். மெஷினை அடையாளம் காண எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அந்தப் பெண்ணையும்தான்.

நாங்கள் ஆந்திர எல்லையில் நகரி. அப்பாவை நைனா என்போம். அவருக்கு நாலு பவர்லூம், லுங்கி ஓடும். புதுக் கட்டம் போட வேண்டுமென்றால் நூலை ஓட்டி, நெய்து பார்த்தால்தான் அழகு தெரியும். நன்றாக வரவில்லை என்றால் அத்தனை நூலும் வீண். இன்டர் என்கிற பிளஸ் டூ முடித்ததும் நான் திருப்பதியில் கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்ந்தேன். ஊரெல்லாம் அந்தப் பைத்தியம் பிடித்திருந்த காலம். இனிமேல் வெளிநாட்டுக் கம்பெனியெல்லாம் வாசலுக்கே வந்து வேலை கொடுக்கும் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டு போவார்கள். அந்த பஸ்ஸில் புத்தூரில் ஏறுவாள், படத்தில் சிரிக்கிற அவள். நான் நகரியிலேயே ஏறி இடம் பிடித்திருப்பேன், அவளுக்கு நின்றுகொண்டு வரத் தெரியாது. அதனால் அவளுக்கு நான் இடம் கொடுப்பேன், என் பையை அவள் மடியில் வைத்துக்கொள்வாள். சிநேகிதம் அப்படித்தான் ஆரம்பித்தது.

லேபில் இரண்டு பேருக்கு ஒரு மெஷின். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஹார்ட் டிஸ்க் எல்லாம் கிடையாது, எழுதுவது முழுக்க உள்ளங்கையைவிடப் பெரிய அந்தக் கறுப்பு பிளாப்பியில்தான் இருக்கும். ஆறு மாசம் மண்டையை உடைத்துக்கொண்டு நான் ஒரு புரோகிராம் எழுதினேன். எந்த நிறம், எத்தனை இழை என்று கொடுத்தால் லுங்கி நெய்தால் எப்படி இருக்கும் என்பதைத் திரையில் எழுத்துகளாலேயே வரைந்து காட்டும். நான் சொல்லச் சொல்ல அவள் டைப் அடிப்பாள். முதன்முதலில் அது வரைந்தது நைனா அன்று காலை கட்டியிருந்த லுங்கியை. தடித்த பட்டை ஒன்று, அதன் இருபுறமும் இரண்டிரண்டு மெல்லிய கோடு. நான் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு சார் ஓடி வந்தார்.

எங்கள் சார் அதைப் பார்த்துவிட்டு, "ஆயுத பூஜை முடிஞ்சதும் மெட்ராஸ்லேந்து ஒரு கம்பெனி ஆள் எடுக்க வருது. இத போட்டுக் காட்டும்மா, உனக்கு வேலை கன்ஃபார்ம்" என்றார். நைனாவிடம் சொன்னேன். சாப்பாட்டுக்குக்கூடத் தறியை நிறுத்தாத அவர் அன்றைக்கு நிறுத்திவிட்டு வந்து சாப்பிட்டார்.

பூஜைக்கு லேபைக் கழுவித் துடைத்தோம். தறி வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லித்தர வேண்டுமா? தறியில் ஓடுகிற நாடாவுக்குக்கூடப் பொட்டு வைத்து வளர்ந்தவள் நான். மானிட்டருக்கு, கீபோர்டுக்கு, டிரைவுக்கு எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தேன். சாமந்தி மாலை போட்டேன். கடைசியில் என் பிளாப்பியை எடுத்து அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன்.

லீவு முடிந்து போனபோது அவள் எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். முகம் செத்திருந்தது. கையில் பிளாப்பி. உள்ளே இருக்கிற தகடு தெரிவதற்காக விட்டிருக்கும் நீள்வட்டத் திறப்பில் சந்தனம் அப்பிக் காய்ந்திருந்தது. லேபிளில் தண்ணீர் பட்டு எழுத்தெல்லாம் கலைந்திருந்தது. டிரைவில் போட்டாள், கரகரவென்று அரைத்தது. படிக்க முடியவில்லை என்றது திரை.

"இன்னாடி இப்படி பண்ணிட்ட? லேபிள் மேல வெக்காம இதுல வெச்சிக்கினு..." என்று அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். சார் எல்லார் எதிரிலும், "இது கம்ப்யூட்டரா, கோயிலா?" என்று கத்தினார். அப்போதும் எனக்காக முன்னால் வந்து நின்றது அவள்தான். "காப்பி எடுத்து வெக்காதது என் தப்பு சார்" என்றாள்.

நான் லேபிளில்தான் வைத்தேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் கண்ணெதிரே சந்தனம் வேறு இடத்தில் இருக்கும்போது என்ன சொல்வது? என் விரலையே நான் நம்பாமல் போனேன். ஒவ்வொருவராகத் தனி அறையில் வைத்துப் பார்த்த மெட்ராஸ் கம்பெனி அவளை எடுத்துக்கொண்டது. கெட்டிக்காரி, பரீட்சையில் தேறியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். மைசூர்பாகு வாங்கிக்கொண்டு புத்தூர் ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்பினேன். அப்புறம் கோர்ஸை விட்டுவிட்டேன். நைனா, "போனா போவுது, உடு" என்றார். அதற்குமேல் அவர் எதுவும் கேட்காததுதான் எனக்கு வலித்தது. விஜயபுரம் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஆபீஸில் நான் சந்தனக் கிண்ணத்தைத் தொடமாட்டேன். என் கம்ப்யூட்டருக்கும் வைக்கவிட மாட்டேன்.

இப்போது அந்தப் படம். மானிட்டர் மூலையில் நான் வைத்த பொட்டு. மாலை காய்ந்து தொங்குகிறது, ஆக இது பூஜைக்கு அப்புறம் எடுத்தது. திரையில் தடித்த பட்டை, இருபுறமும் இரண்டிரண்டு கோடு. மேஜைமேல் பிளாப்பி. லேபிளில் என் கையெழுத்து, அதன் நடுவில் ஒரே ஒரு சந்தனப் பொட்டு. நீள்வட்டத் திறப்பு பளபளவென்று சுத்தமாக இருந்தது.

அவள் வேறொரு பிளாப்பியில் சந்தனத்தை அப்பி என் கையில் கொடுத்திருக்கிறாள். கொடுத்துவிட்டு என்னோடு அழுதும் இருக்கிறாள். திருடினதைக்கூட விடுங்கள், அந்த அழுகையை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

குழுவில் பதில் போட்டேன். மெஷின் எது என்பதை முதலில் சொன்னேன், பழக்கம் போகாதே. அதற்குக் கீழே, "திரையில் இருப்பது என் நைனாவின் லுங்கி. பிளாப்பியில் பொட்டு வைத்தது நான்" என்று எழுதினேன். பத்து நிமிஷத்தில் படம் காணாமல் போனது. "அக்கா, கரெக்ட் ஆன்சர்தானா?" என்று ஒருவர் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவளிடமிருந்து தனியாக ஒரு மெசேஜ் வந்தது. "ஏய், நீயாடி? எவ்ளோ வருஷம் ஆச்சு! நம்ம ரெண்டு பேரும் சேந்து செஞ்சதுதானே அது. எனக்கு அப்போ வேற வழி இல்ல. நீ எப்படியும் கல்யாணம் பண்ணிக்கினு அங்கயேதான் இருந்திருப்ப. பழசெல்லாம் மனசுல வெச்சிக்கினு இருக்காத." கடைசியில் ஒரு சிரிக்கிற பொம்மை.

ஏதேதோ எழுதி அழித்தேன். கடைசியில் ஒரே ஒரு வரி அனுப்பினேன். "என்னக் கட்டிக்கினு அழுதப்ப, உன் வெரல்ல சந்தனம் காஞ்சிடுச்சா?"

பார்த்துவிட்டாள்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு ஸ்டோர்ஸில் கிண்ணத்தோடு வந்தவர், "மேடம், உங்க சிஸ்டத்துக்கு வேணாம்ல?" என்று கேட்டுவிட்டு நகரப் பார்த்தார். "குடுங்க இங்க" என்று வாங்கினேன். மானிட்டர் நெற்றியில் சரியாக நடுவில் வைத்தேன். விரல் கொஞ்சமும் பிசகவில்லை. அது என்றைக்குமே பிசகியதில்லை என்று போய்ச் சொல்ல நைனாதான் இப்போது உயிரோடு இல்லை.