மலைக்குப் போக ஒரே இடம்

ஏலக்காய்ப் பறிப்பு தொடங்கிவிட்டால் போடிநாயக்கனூரில் தோட்டக்காரர் வீடுகள் பல பூட்டிக் கிடக்கும். எங்களை அழைத்த வீட்டுக்காரம்மாள் மட்டும் வீட்டைப் பூட்ட மாட்டார். மேலே மலையில் காய் பறிக்கும்போது கீழே வீடு இருண்டு கிடக்கக் கூடாது என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். சாயங்காலம் விளக்கெரிய வேண்டும், அடுப்பு புகைய வேண்டும். அதைக் கூலிக்கு ஆள் வைத்துச் செய்யக் கூடாது. உறவைப் போல வந்து தங்குகிறவர்கள்தான் செய்ய வேண்டும். அப்படித்தான் பக்கத்துக் கிராமமான சிலமலையிலிருந்து நானும் மதினியும் போனோம். மதினி என் அண்ணன் மனைவி. அண்ணன் அந்த வீட்டு மாடுகளுக்கு வைக்கோல் கொண்டுபோய்ப் போடுகிறவன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். வெந்நீர் போட்டு வைத்திருந்தார். ஆளுக்கொரு புதுச் சேலை, புதுப் பாய். சாமான் அறைக் கதவைத் திறந்துவிட்டு, "இதுல இருக்கிறது பூராம் உங்களுக்குத்தான். நான் திரும்பி வாரப்ப டப்பாவெல்லாம் நிறைஞ்சு கிடந்துச்சுன்னா கோவிச்சுக்கிருவேன்" என்றார். பூக்காரியிடம் தினம் எங்களுக்குப் பூக் கொடுக்கச் சொல்லியிருந்தார். குரங்கணிப் பக்கத்துக் காப்பிக்கொட்டையை எங்களுக்காகவே வறுத்து இடித்து வைத்திருந்தார். "காவலுக்கு வந்திருக்கோம்னு நெனைக்காதீங்க. விருந்துக்கு வந்திருக்கோம்னு நெனைச்சுக்கங்க" என்றார்.

என்னை மாடிக்கு அழைத்துப் போனார். மேசை, நாற்காலி, கண்ணாடிக் கூண்டு வைத்த விளக்கு, மலையைப் பார்த்த சன்னல். "நீங்க படிச்ச பிள்ளை. உங்களுக்கு இதெல்லாம் வேணும்ல, வாத்தியாரம்மா?" நான் எங்கும் வாத்தியார் வேலை பார்க்கவில்லை. ஆனாலும் அவர் என்னை அப்படித்தான் கூப்பிட்டார். மரியாதையாக இருந்தது.

கீழே இறங்கி வந்தபோது மதினியைத் தம்முடைய கட்டிலிலேயே உட்கார வைத்து, தம்முடைய சீப்பால் தலை வாரிக்கொண்டிருந்தார்.

"ஏ பிள்ளை, எத்தனை நாளாச்சு எண்ணெய் வச்சு? தலையா இது, குருவிக்கூடா?"

"குருவி குடியிருந்தாலும் வாடகை தருமா ஆத்தா?" என்றாள் மதினி. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

எனக்கு 'நீங்க', அவளுக்கு 'ஏ பிள்ளை'. எனக்கு நாற்காலி, அவளுக்குக் கட்டில். எனக்குக் கிடைத்ததுதான் உயர்ந்தது என்று எனக்குத் தெரியும். அவளுக்குக் கிடைத்தது வேண்டும் போலிருந்தது.

மலைக்குப் புறப்படும்போது அந்த அம்மாள் இன்னொன்றும் சொன்னார். "தீவாளிக்குக் கீழ இறங்கிருவோம். அப்புறம் தை மாசம் கடைசிப் பறிப்புக்கு மறுபடி ஏறணும். அப்ப உங்கள்ல ஒருத்தியக் கூட்டிட்டுப் போறேன். இன்னொருத்தி இங்க விளக்குக்கு இருக்கட்டும்."

பிறந்ததிலிருந்து நான் அந்த மலையைப் பார்த்து வளர்ந்தவள். ஒரு தடவைகூட ஏறியதில்லை. பூகோளப் பாடத்தில் மலைகளைப் பற்றிப் படித்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிப் பரிசும் வாங்கியிருந்தேன். எங்கள் தெருவில் சுமை தூக்கிப் போகிற பெண்கள்கூட மேலே போய் வந்திருந்தார்கள். அந்த ஒரு இடம் எனக்குத்தான் வர வேண்டும் என்று அந்த வாசலிலேயே முடிவு செய்துவிட்டேன்.

அந்த வீட்டில் இரண்டு பசுவும் ஒரு கோம்பை நாயும் இருந்தன. பசுக்கள் யார் புல் போட்டாலும் தின்றன. நாய் அப்படியில்லை. செம்பட்டை நிறம், கரிய மூஞ்சி. வீட்டுக்காரம்மாள் போன அன்று வாசலைப் பார்த்துப் படுத்தது, எழுந்திருக்கவில்லை. நான் கம்பஞ்சோற்றில் மோர் ஊற்றி வைத்தேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மதினி பக்கத்தில் உட்கார்ந்து, "அடேய் மாப்ளே, ஆத்தா வந்துரும்டா, தின்னுடா" என்று ஒரு வாய் உருட்டிக் கொடுத்தாள். தின்றுவிட்டது. அன்று முழுவதும் அவள் பின்னாலேயே திரிந்தது.

வீட்டுக்காரம்மாளுக்கு அந்த நாய் பெற்ற பிள்ளை மாதிரி. அது யாரிடம் ஒட்டுகிறதோ அவள்மேல்தான் அவருக்கும் பிரியம் வரும் என்று கணக்குப் போட்டேன். மறுநாளிலிருந்து நாய்ச் சோற்றை நானே பிசைந்தேன். "நீ மாட்டைப் பாரு மதினி, நாயை நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"நாய் முடி சேலையில ஒட்டுமே தாயி, உனக்கு ஆகாதே" என்றாள்.

"ஆகும்."

சாமான் அறை எங்களுக்குத்தான் என்று சொல்லியிருந்தாரே. அதிலிருந்து கருப்பட்டி எடுத்துக் கொடுத்தேன். பாலேட்டை வழித்துக் கொடுத்தேன். வெயில் தாழ்ந்ததும் ஆற்றங்கரைவரை கூட்டிப் போனேன். அதன் காதிலிருந்த உண்ணிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். மாடி அறையை விட்டு இறங்கி வந்து முற்றத்தில் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தேன். முதலில் நான் பேசினால் காதை மட்டும் அசைத்தது. பிறகு வாலை. ஒருநாள் மதினி கூப்பிட்டும் போகாமல் என் மடியில் மோவாயை வைத்துப் படுத்தது. அன்று எனக்கு இருந்த சந்தோஷம் பரிசு வாங்கிய அன்றுகூட இருந்ததில்லை.

"பள்ளிக்கூடத்துல வசியம் பண்ணவும் சொல்லிக் குடுத்தாகளா?" என்று மதினி சிரித்தாள். அவளுக்கு வருத்தமே இல்லை. வருத்தப்பட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

தீபாவளிக்கு முன்பே வீட்டுக்காரம்மாளும் குடும்பமும் இறங்கி வந்தார்கள். மதினி ஆலம் சுற்றினாள். கல்யாணமானவள் என்பதால் அதுவும் அவளுக்குத்தான். ஆனால் நாய் வீட்டுக்காரம்மாள் மேல் ஒருமுறை தாவி விழுந்துவிட்டு நேராக என்னிடம் திரும்பி வந்து என் காலடியில் படுத்தது. அவர் வாயில் கை வைத்துப் பார்த்தார்.

"அடி ஆத்தி! என்னையவே மறந்துருச்சா?"

நான் குனிந்து அதன் காதைத் தடவிக் கொடுத்தேன். மலைக்குப் போவது இனி நான்தான் என்று நினைத்தேன்.

இடையில் எங்களை ஊருக்கு விடாமல் அங்கேயே வைத்துக்கொண்டார். தை பிறந்தது. குரங்கணிவரை போக வண்டி பூட்டி நின்றது. அங்கிருந்து மேலே மட்டக்குதிரையும் ஆள் சுமக்கும் டோலியும். என் துணிகளை நான் முந்தின நாளே மடித்து மூட்டை கட்டியிருந்தேன். வீட்டுக்காரம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"உன்னை விட்டு அது இருக்காதுடி என் தங்கம். நீ மேல வந்துட்டா பட்டினி கிடந்தே செத்துப்போகும். நீ இங்க இருந்தாத்தான் நான் மேல நிம்மதியா இருப்பேன்." மதினி பக்கம் திரும்பினார். "ஏ பிள்ளை, உன் துணிய எடுத்துட்டு வெரசா வா!"

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. தங்கம் என்றும் கூப்பிட்டாகிவிட்டது. அதற்காகத்தானே நானும் ஏங்கியிருந்தேன்?

மதினி அசையவில்லை. என் மூட்டையைப் பார்த்துவிட்டாள். "ஆத்தா, நான் இருக்கேன். அவ போகட்டும். நாயி ரெண்டு நாள்ல பழகிரும்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். 'சரி' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பேன். ஆனால் மதினி விட்டுக்கொடுத்து நான் வாங்கிக்கொள்வதா?

"எனக்குப் படிக்க வேண்டியது நெறைய இருக்கு. மலையில வந்து என்ன பண்ணப் போறேன்? நீ போயிட்டு வா மதினி" என்றேன்.

அவள் போனாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை நாய் என் காலை இடித்துக்கொண்டு நின்றது. அதைத் தள்ளிவிட்டேன். மறுபடியும் வந்து நின்றது.

பறிப்பு முடிந்து அவர்கள் திரும்பியபோது வீட்டுக்காரம்மாள் எனக்கென்று கனத்த கம்பளி ஒன்று வாங்கி வந்திருந்தார். என் தோளில் போர்த்தி, "நாயை எப்படித் தேத்தி வச்சிருக்கா பாருங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். போடி வெயிலில் அந்தக் கம்பளியோடு நின்றேன். மதினிக்கு அவர் எதுவும் வாங்கித் தரவில்லை.

"எப்படி இருந்துச்சு?" என்று பிறகு கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல தாயி? ஒரே குளிரு. காலையில மேகம் காலுக்குக் கீழ கிடக்கு. நீ பாத்திருந்தா நல்லாச் சொல்லுவ."

சிரிக்கப் போனவள் வலி தாங்காமல் வாயைப் பொத்திக்கொண்டாள். மலைக்குளிரில் அவள் உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. வெண்ணெய் எடுத்துத் தடவிவிட்டேன். தடவும்போது, அந்த வெடிப்பு எனக்கு வர வேண்டியது என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.