களைக்காட்டுப் பாட்டுக்கு டிரம் அடித்த கதை

நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் ஊர் மாதா கோவில் திருநாளுக்கு மின்சாரக் கிடார் வந்தது. அதுவரை எங்கள் ஊர் பார்த்த பெரிய வாத்தியம் கோவிலில் இருந்த ஆர்மோனியம்தான். அதிலும் இரண்டு கட்டைகள் அழுத்தினால் அழுந்தியபடியே கிடக்கும். கோவிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் பாட்டுக்கு நடுவில் அவற்றை விரலால் நெம்பி எடுத்துவிட்டு மேற்கொண்டு வாசிப்பார்.

கிடாரை வரவழைத்தது சித்தப்பா. அப்பாவின் தம்பியான அவர் பக்கத்துப் பாப்பாரப்பட்டியில் கேசட் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தார். அவருக்குத் துணை, ஏரியூரில் உரக்கடையில் வேலை பார்த்த என் மாமா. அம்மாவின் தம்பி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வருவார். இருவரும் தின்பதும் பேசுவதும் கனவு காண்பதும் ஆர்கெஸ்ட்ராதான். சித்தப்பா தர்மபுரிக் கிடார்காரரின் பக்தர். மாமா சேலத்து டிரம்காரரின் அடிமை. எது பெரிது என்று எங்கள் வீட்டில் சோறு ஆறிப்போகிற அளவுக்குச் சண்டை நடக்கும். கை கழுவியதும் ஒரே சைக்கிளில் ஏறிப் போய்விடுவார்கள்.

அந்த வருஷம் நடக்காதது நடந்தது. தர்மபுரிக் கிடாரும் சேலத்து டிரம்மும் கிருஷ்ணகிரிப் பாட்டுக்காரரும் அவரவர் ஆர்கெஸ்ட்ராவை விட்டுவிட்டு ஒரே குழுவாகச் சேர்ந்தார்கள். ஊரில் எல்லோரும் அதைக் கூட்டுக்குழு என்றே சொன்னார்கள். அதுவரை யார் பெரியவர் என்று அடித்துக்கொண்டிருந்த ரசிகர்கள் சண்டைக்கு ஆள் இல்லாமல் கொஞ்ச நாள் பாவமாகத் திரிந்தார்கள்.

கூட்டுக்குழுவுக்கு ஒரு யோசனை இருந்தது. வெளிநாட்டில் பெரிய பெரிய ஆட்கள் இப்படிச் சேர்ந்தால் பழைய நாட்டுப்புறப் பாட்டு ஒன்றை எடுத்து கிடார் போட்டு அடிப்பார்களாம். எங்கள் ஊர்த் திருநாளிலும் அப்படி ஒன்று வேண்டும் என்றார் கிடார்காரர். "அதுக்கு எங்க அண்ணி இருக்காங்க" என்று சித்தப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அம்மா முறத்தை விட்டு நிமிரவே இல்லை. "எனக்குப் பாட்டும் தெரியாது, கூத்தும் தெரியாது, போங்க தம்பி" என்று சொல்லிவிட்டாள்.

அம்மா பொய் சொல்கிறாள் என்பது எனக்குத் தெரியும். கேழ்வரகுக் காட்டில் களை எடுக்கும்போது மற்ற பெண்களை விட்டு நாலு பாத்தி முன்னால் போய்விடுவாள். அங்கே தனியாகக் குனிந்தபடி ஒரு பாட்டுப் பாடுவாள். பின்னாலேயே களையை அள்ளிக்கொண்டு போகும் எனக்கு அதில் இரண்டு வரி மனப்பாடம்.

கேவுருக் காட்டோரம் கிளி வந்து போனதென்ன
கூவி அழைச்சேனே கூட்டுக்கு வாராததென்ன

மற்ற வரிகள் காதில் விழாது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் குரலை இழுத்து இழுத்து மெல்ல இறக்குவாள். எனக்கு அந்த இழுப்புதான் பிடிக்கும். ஒருமுறை வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே நான் அதை முனகினேன். அம்மா ஓடிவந்து முதுகில் ஒன்று வைத்தாள். "வூட்டுக்குள்ள அத மொனகாத" என்றாள். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், அதற்காக என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா மாட்டேன் என்ற மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் சித்தப்பா கடைக்குப் போனேன். பதிவு செய்யும்போது அந்த மெஷினில் எரியும் சிவப்பு விளக்கை என் குரலாலும் எரிய வைக்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. நெற்றியில் முடி விழுந்து கண்ணை மறைக்க, கிடார்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் மைக்கைப் பிடித்து இரண்டு வரியையும் இழுப்போடு பாடினேன். விளக்கு எரிந்தது. கிடார்காரர் எழுந்து நின்றுவிட்டார். எனக்கு ஒரு பன்னும் கலர் சோடாவும் வாங்கிக் கொடுத்தார்கள். அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று நானும் சித்தப்பாவும் பேசி வைத்துக்கொண்டோம்.

திருநாள் பூசை முடிந்து, சாயங்காலம் கரண்டு போய்விடும் என்பதால் மூன்று மணி வெயிலிலேயே கச்சேரியை வைத்தார்கள். கடைசிப் பாட்டு என்னுடையது. என் இரண்டு வரியையும் அவர்கள் எட்டுத் தடவை பாடினார்கள். நடுவில் தண்ணீர்க் குடத்தோடு போகும் ஒரு பெண்ணைப் பற்றிப் பாட்டுக்காரர் சொந்தமாக நாலு வரி சேர்த்திருந்தார். இழுப்பு இருந்த இடத்தில் டிரம் இருந்தது. கிடார்காரர் ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நின்று வாசித்தார். அப்படித்தான் வெளிநாட்டில் வாசிப்பார்களாம். வாலிபர்கள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினார்கள். புழுதியில் கொடிமரம் தெரியவில்லை. என் வாழ்க்கையில் அதைவிடப் பெருமையான நாள் ஒன்று அதற்கு முன்னும் இல்லை, பின்னும் அதிகம் இல்லை. அம்மா அன்று அங்கே இல்லை. மாடு கன்று போட்டிருந்ததால், ஊரைத் தள்ளிக் காட்டோரம் இருந்த எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

மறுநாளே சண்டை ஆரம்பித்துவிட்டது. கேசட் கடை பெஞ்சில் ஒரு பக்கம் சித்தப்பாவும் வாலிபர்களும், எதிர்ப்பக்கம் உபதேசியார். கிழட்டுப் பாட்டுக்கு உயிர் கொடுத்துவிட்டார்கள் என்றார்கள் இவர்கள். உயிரோடு இருந்ததை அடித்தே கொன்றுவிட்டார்கள் என்றார் அவர். டிரம் அதிகம் என்று சிலர், கிடார் அதிகம் என்று சிலர். முதுகு காட்டியது மாதாவுக்கு அவமரியாதையா இல்லையா என்பதற்கு மட்டும் ஒரு முழுச் சாயங்காலம் ஓடியது.

யாரும் எதிர்பாராதது, மாமா உபதேசியார் பக்கம் போய் உட்கார்ந்ததுதான். டிரம்காரருக்காகச் சேலம்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்தவர் அவர்.

"மாப்ள, அது எழவு வூட்டுப் பாட்டு" என்றார் மாமா. "அந்த இழுப்பக் கேட்டாத் தெரியலயா? ஒப்பாரிக்குப் போயி டிரம்மு அடிச்சு ஆட வெச்சிருக்கீங்களே, அதுவும் மாதா திருநாள்ல."

"மச்சான், நீங்க தெரியாமப் பேசாதீங்க. அது களைக்காட்டுப் பாட்டு. இழுத்தாத்தான் ஒப்பாரியா?"

வார்த்தை வளர்ந்தது. உரம் விற்கிறவனுக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். அந்த ஞாயிறு மாமா எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அம்மா அவருக்கென்று எடுத்து வைத்த குழம்பை மாலையில் எங்களுக்கே ஊற்றினாள். தம்பிக்கு என்ன ஆயிற்று என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாம் என் வாயால் வந்தது. உண்மையைச் சொன்னால் முதுகில் விழும், சொல்லாவிட்டால் மாமா இல்லை. இரண்டு நாள் யோசித்தேன். மாமா இல்லாமல் இருக்க முடியாது என்று தெரிந்தது.

சந்தை நாளில் மாமா பாப்பாரப்பட்டிக்கு வருவார். அன்று கடை வாசலில் அவரைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "மாமா, அது நான் பாடிக் குடுத்தது. நெசமாலுமே களைக்காட்டுப் பாட்டுதான் மாமா."

மாமா குனிந்தார். "உனக்கு யாரு கண்ணு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. அம்மா பாடும். காட்டுல மட்டும் பாடும்."

"வூட்ல?"

"வூட்ல மொனகுனாலே அடி விழும்."

மாமா நிமிர்ந்தார். என் கையை மட்டும் விடாமல் பிடித்திருந்தார். சித்தப்பாவுக்கோ கொண்டாட்டம். "பாத்தீங்களா மச்சான், சாட்சியே சொல்லிருச்சு. வாங்க, அண்ணிகிட்டயே கேட்டுருவோம்" என்று திருநாளில் பதிவு செய்த கேசட்டைப் போட்டு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மாமா வேண்டாம் என்றார். இரண்டு தடவை சொன்னார். தோற்றுப்போக பயப்படுகிறார் என்று சித்தப்பா சிரித்தார். நானும் சிரித்தேன்.

சித்தப்பா, மாமா, நான், பின்னால் தீர்ப்புக் கேட்க நாலைந்து வாலிபர்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் சித்தப்பா பட்டனை அழுத்தினார். டிரம் நாலு அடி அடித்ததும் என் முதல் வரி வந்தது. கன்றுக்குட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா அப்படியே நின்றாள். பிறகு வேகமாக வந்தாள். நான் முதுகை வளைத்துக்கொண்டு சித்தப்பாவின் பின்னால் ஒளிந்தேன்.

"தம்பி, அத வூட்டுக்குள்ள வெக்காதீங்க. களத்துக்கு எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். அடிக்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் இருந்த களத்தின் நடுவில் டேப் ரெக்கார்டரை வைத்தார்கள். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்று முழுப் பாட்டையும் கேட்டாள். குடத்துப் பெண் வந்த இடத்தில் மட்டும் புருவத்தைச் சுருக்கினாள். முடிந்ததும் சித்தப்பா கேட்டார்.

"நீங்களே சொல்லுங்க அண்ணி. இது களைக்காட்டுப் பாட்டா, ஒப்பாரியா? மச்சான் ஒப்பாரிங்கறாரு."

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மா என்னைப் பார்த்தாள்.

"களை எடுக்கறப்ப பாடறதுதான் தம்பி" என்றாள்.

வாலிபர்கள் கூச்சல் போட்டார்கள். எந்த வாதத்திலும் கடைசி வார்த்தையை விட்டுக்கொடுக்காத மாமா, "அக்கா சொன்னா சரிதான் மாப்ள. நாந்தான் தெரியாமப் பேசிட்டேன்" என்றார். சித்தப்பாவுக்கே ஏமாற்றமாகிவிட்டது. இவ்வளவு சுலபமாக ஜெயிக்க அவர் தயாராக வரவில்லை.

"அன்னிக்கு இதுக்கு ஆடுனாங்களா?" என்று கேட்டாள் அம்மா.

"ஊரே ஆடுச்சு அண்ணி. உபதேசியார் மகனே ஆடுனான்."

"ஊரேவா?" என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டாள். "அப்ப நல்லதுதான். இன்னொருக்கா போடுங்க. பாப்பா, நீ ஆடு."

நான் ஆடினேன். அடி விழவில்லை, மாமா வந்துவிட்டார், ஜெயித்தது நான். இந்த மூன்றும் சேர்ந்து கால் தரையில் நிற்கவில்லை. திருநாளில் வாலிபர்கள் ஆடியதை எல்லாம் ஆடிக் காட்டினேன். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். மாமா மட்டும் திரும்பி வைக்கோல் போரைப் பார்த்து நின்றார்.

எனக்கு மகன் பிறந்து நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது மாமாதான் சொன்னார். எனக்கு முன்னால் ஒருவன் இருந்தான். ஒன்றரை வயதில், நாலே நாள் காய்ச்சலில் போய்விட்டான். அப்போது நான் அம்மாவின் வயிற்றில். வயிற்றில் ஒன்று இருக்கும்போது ஒப்பாரி வைத்தால் அதற்கு ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் அம்மாவை வாய்விட்டு அழ விடவில்லை. நான் பிறந்த பிறகு அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை. சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடினால் சாவைக் கூப்பிட்டதாகிவிடும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். அதனால் காட்டில்தான் பாட வேண்டியிருந்தது.

அதெல்லாம் அன்றைக்கு எனக்கு எங்கே தெரியும்? நான் நன்றாக ஆடுகிறேன், அதனால்தான் அம்மா இப்படிச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். பாட்டு முடிந்ததும் மூச்சு வாங்க நின்றுகொண்டு, "இன்னொருக்கா போடுங்க சித்தப்பா, அம்மாவுக்குப் புடிச்சிருக்குது" என்று கத்தினேன்.