பட்டன் கத்திக்கு ஸ்பிரிங் போடப் போனேன்

இன்று காலை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு அருகே பூட்டு ரிப்பேர் கடைக்குப் போனேன். என் பட்டன் கத்தி திறக்கவில்லை.

குன்னத்தில் எங்கள் பங்குக் கிணற்றில் என் முறைத் தண்ணீரை அண்ணன் தன் வெங்காயத்துக்குத் திருப்பிய நாளிலிருந்து அது என் சட்டைப்பையில் இருக்கிறது. ஆறு வருடம். அவனிடமும் ஒன்று உண்டு.

எங்கள் இருவரையும் தெரிந்த கடைக்கார பாய் கத்தியைத் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்பிரிங் போயிருச்சு சார். புதுசு போட்டுரவா, இல்ல உங்க அண்ணன் மாதிரி பண்ணிரவா?"

"அவன் என்ன பண்ணினான்?"

"போன வாரம் வந்து ஸ்பிரிங்கையே கழட்டிருங்க பாய்னாரு. பட்டன அமுத்துனாலும் தெறக்கக் கூடாதாம். கோவத்துல தம்பியக் குத்திருவேனோன்னு பயமா இருக்குன்னாரு."

கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியென்றால் போன வாரம் வரை, குத்தக்கூடியவனாகத்தான் என் எதிரே வரப்பில் நின்றிருக்கிறான்.

"சொல்லுங்க சார், போடவா, கழட்டவா?"

கத்தியை அப்படியே வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

தண்ணீரில்தான் முந்தினான் என்றால் இதிலும் முந்திக்கொண்டான். இனி நான் கழற்றினாலும், அண்ணனைப் பார்த்துச் செய்தான் என்றுதானே ஊர் சொல்லும்? நீங்களே சொல்லுங்கள்.