வால் விட்டு ஊதுங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் சனிக்கிழமைகளில் சிறுவர்களுக்குப் பலூன் நாய் செய்யக் கற்றுக்கொடுக்கிறேன் என்றால், பெற்றோர் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "சோதினை வைப்பீங்களோ மிஸ்? சேர்ட்டிபிக்கேட் இருக்கோ?" என்று கேட்பார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதற்கெல்லாம் கோபிக்கக்கூடாது. கோபிக்க வேறு விஷயங்கள் நிறைய வரும்.

1. அறை

காலி வீதி என்ற பெருந்தெருவுக்குப் பக்கத்து ஒழுங்கையில், கணித டியூசன் சேர் ஒருவர் மாடி வீடொன்றை வாடகைக்கு எடுத்திருந்தார். மேலே அவருடைய ஓ.எல். பரீட்சை வகுப்பு. சும்மா கிடந்த கீழ் அறையைச் சிறு வாடகைக்கு எனக்குத் தந்தார். முதல் வகுப்பிலேயே பலூன்கள் பட்டாசாக வெடித்தன. சேர் இறங்கி வந்தார்.

"என்ன மிஸ் இது? மேல பிள்ளையள் சோதினைக்குப் பாஸ்ட் பேப்பர் செய்யினம். ஒவ்வொரு வெடிக்கும் துள்ளி விழுகினம்."

"பழகிற பிள்ளையள் சேர். வெடிக்கத்தானே செய்யும்."

"இன்னொருக்கா என்னை இறங்க வச்சா, நீங்க வேற இடம் பாக்க வேண்டியதுதான்."

வெள்ளவத்தையில் வேறு இடமா? நான் கொடுத்த வாடகைக்கு ஒரு குளியலறைகூடக் கிடைக்காது.

2. வால்

நீளப் பலூனை நுனிவரை ஊதக்கூடாது. கடைசியில் நாலு விரல் காற்றில்லாமல் விட வேண்டும். அதை வால் என்போம். முறுக்க முறுக்கக் காற்று அந்தப் பக்கம் போகும். போக இடமில்லையென்றால் வெடிக்கும். பிள்ளைகளுக்கோ பெரிய நாய்தான் வேண்டும், முழுக்க ஊதுவார்கள். வெடித்தால் அழுவார்கள்.

அப்போது நான், "பரவாயில்லை, இன்னொண்டு எடுங்கோ" என்பேன். சேர் வந்துபோன பிறகு அதையும் குசுகுசுவென்றுதான் சொன்னேன். பிள்ளைகள் பலூனைக் கையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள். ஏழு வயது ஆரணி காதைப் பொத்திய கையை எடுக்கவேயில்லை.

3. வெடி

மூன்றாவது வகுப்பில்தான் ஆரணி துணிந்து பலூனைத் தொட்டாள். மூக்கு வந்தது, ஒரு காது வந்தது. மற்றக் காதை முறுக்கும்போது, படார்!

மாடிப்படியில் செருப்புச் சத்தம். என் வகுப்பு முடிந்தது என்று நினைத்தேன். நான் வாய் திறக்குமுன் ஆரணி எழுந்து நின்றாள்.

"நான்தான் சேர் உடைச்சனான். மிஸ்ஸை ஏசாதேங்கோ."

சேருக்குக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "சத்தமில்லாமச் செய்யேலாதோ?" என்றார்.

"செய்யலாம் சேர். வால் விடோணும்." காற்றடிக்கும் கைப்பம்பையும் ஒரு பலூனையும் நீட்டினாள். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். சேர் வாங்கத்தான் வேண்டியிருந்தது.

"அரைகுறையா ஊதினா நாய் எப்பிடி நிக்கும்?" என்று நுனிவரை ஊதினார். முதல் முறுக்கு நின்றது. இரண்டாவதில் வெடித்தது. சேர் துள்ளிய துள்ளலில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. படியில் எட்டிப் பார்த்த ஓ.எல். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஆரணி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள்.

"பரவாயில்லை சேர், இன்னொண்டு எடுங்கோ."

புதியவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: வெடித்ததும் பிள்ளை முதலில் உங்கள் முகத்தைப் பார்க்கும். அப்போது கையில் இன்னொரு பலூன் இருக்கட்டும்.

வகுப்பு இன்றும் அதே அறையில்தான். இப்போது வெடித்தால் சேர் இறங்கி வருவதில்லை. மேலேயிருந்து சத்தம் போடுவார்: "ஆரது, வால் விடாம ஊதினது?"